வாசனைக் கடையும் விஷ உலையும்

சீன தேசத்தில் செங்து என்று ஒரு நகரம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ஒரு வியாபாரி இருந்தார்.

பெயர் லீ சியன். பெயர்தான் சீனப் பெயர். ஆள் பாரசீக வம்சம். இன்று ஈரான் என்கிறோமே, அந்த நாடுதான் பாரசீகம்.

வாசனைச் சரக்கும் மருந்துச் சரக்கும் விற்பது அவர் தொழில். சாதுவான மனிதர். நிதானமாகப் பேசுவார். காய் வைத்து ஆடும் ஆட்டத்தில் கெட்டிக்காரர். "லீ வீட்டு நாலாவது பிள்ளை" என்றால் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

இப்படிப்பட்டவர் ஓர் உலை வைத்திருந்தார். கடையில் சம்பாதித்த பணம் முழுவதும் அந்த உலைக்கே போயிற்று.

உலையில் என்ன காய்ச்சினார்?

அந்த வித்தை தெரிந்தவர்கள் உலையில் இடும் சரக்குகளைக் கேளுங்கள். சாதிலிங்கம். பாதரசம். ஈயம். கந்தகம். மனோசிலை. முக்கால்வாசி கொடிய விஷம்!

யாரைக் கொல்வதற்கு?

யாரையும் கொல்வதற்கு அல்ல. சாகாமல் இருப்பதற்கு!

அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

மலை போல் குவிந்த சரக்கு

முதலில் ஒரு கேள்வி. பாரசீகர்கள் சீனாவுக்கு ஏன் போனார்கள்?

பாரசீகப் பேரரசு 651-ல் அரபுப் படைகளிடம் வீழ்ந்தது. கடைசி மன்னரின் மகனே சீனத் தலைநகரில் அடைக்கலம் புகுந்தார். ஆனால் பெரும்பாலோர் போனது அடைக்கலம் தேடி அல்ல; வியாபாரம் செய்ய.

அப்போது சீனாவை ஆண்டது தாங் வம்சம். 618 முதல் 907 வரை அந்த வம்சத்தின் ஆட்சி. பணம் புழங்கிய காலம். பெரிய வீடுகளில் தூபம் புகையாத நாள் கிடையாது. உடைக்கு வாசனை, படுக்கைக்கு வாசனை, கோயிலுக்கு வாசனை. இவ்வளவு வாசனைப் பொருளும் சீனாவில் விளையாது. அரபு நாட்டிலிருந்து தூபப் பிசினும் வெள்ளைப்போளமும் வரவேண்டும். போர்னியோவிலிருந்து கர்ப்பூரம் வரவேண்டும். தெற்குக் காடுகளிலிருந்து அகில் வரவேண்டும்.

கொண்டு வந்து கொடுத்தவர்களில் பாரசீகர்கள் முக்கியமானவர்கள்.

750 வாக்கில் காண்டன் துறைமுகத்துக்கு ஒரு சீனத் துறவி போனார். ஆற்றிலே இந்தியக் கப்பல்கள், பாரசீகக் கப்பல்கள், தென்கடல் தீவுக் கப்பல்கள் எண்ணிக்கை இல்லாமல் நின்றனவாம். வாசனைப் பொருளும் மருந்தும் இரத்தினங்களும் மலை மலையாகக் குவிந்து கிடந்தனவாம்.

நம் பக்கத்து மனிதர் ஒருவரும் இந்தக் கப்பல்களோடு போயிருக்கிறார். வஜ்ரபோதி என்ற தென்னாட்டுப் பௌத்தத் துறவி. காஞ்சிபுரத்தில் வாழ்ந்தவர். அவர் சீனாவுக்குப் போக இலங்கைக்கு வந்தபோது, அங்கே 35 பாரசீகக் கப்பல்கள் நின்றுகொண்டிருந்தன. அவர்களோடு சேர்ந்து புறப்பட்டார். வழியில் புயலில் சிக்கித் தவித்து, 719-ல் காண்டன் போய்ச் சேர்ந்தார்.

தலைநகரம் சாங்ஆன். அங்கே மேற்குச் சந்தை என்று ஒரு பெரிய சந்தை. நடுப்பகலில் முரசு 300 முறை முழங்கும். சனங்கள் உள்ளே போவார்கள். மாலையில் பொழுது சாயும் முன் சேகண்டி 300 முறை ஒலிக்கும். எல்லாரும் வெளியேறிவிட வேண்டும். வெளிநாட்டு வியாபாரிகள் கூடுகிற இடம் அதுதான்.

பாரசீகன் என்றாலே பணக்காரன் என்று சீனர்கள் எண்ணினார்கள். 9-ஆம் நூற்றாண்டில் லீ ஷாங்யின் என்ற புலவர் இருந்தார். அவர் பெயரில் ஒரு வேடிக்கை நூல் உண்டு. உலகத்தில் ஒன்றுக்கொன்று பொருந்தாத சங்கதிகளை அதில் பட்டியல் போட்டிருக்கிறார். நோயில் படுத்த வைத்தியர் ஒரு பொருத்தமின்மை. இன்னொன்று, ஏழைப் பாரசீகன்!

இந்த 'ஏழைப் பாரசீகனை' நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருவார்.

விஷம் விற்றால் மரணம்

அந்தக் காலத்துச் சீனாவில் வாசனைக் கடை வேறு, மருந்துக் கடை வேறு என்று பிரிவு கிடையாது. இரண்டும் ஒரே சரக்கு. நம் ஊர் நாட்டு மருந்துக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே பலகையில் சாம்பிராணியும் இருக்கும், சாதிலிங்கமும் இருக்கும்.

பாரசீகத்திலிருந்து சீனாவுக்கு வந்த சரக்குகளில் ஒன்று மிருதார்சிங்கி. ஈயத்தைக் காற்றில் சுட்டு எடுப்பது. புண்ணுக்குப் போடும் களிம்பில் சேர்ப்பார்கள். உள்ளே போனால் விஷம். 659-ல் சீன அரசாங்கமே வெளியிட்ட மருந்து நூலில், இது பாரசீகத்துச் சரக்கு என்று எழுதியிருக்கிறது. சீனர்கள் இதை 'மீத்தோசெங்' என்றார்கள். அது பாரசீகச் சொல்லின் சீன உச்சரிப்பு. நாம் சொல்லும் மிருதார்சிங்கியும் அதே பாரசீகச் சொல்தான்! ஒரே சரக்கு கிழக்கே சீனாவுக்கும் தெற்கே நம் மருந்துக் கடைக்கும் தன் பெயரைச் சுமந்துகொண்டே போயிருக்கிறது.

அப்படியானால் வாசனை வியாபாரி விஷம் விற்பது எளிதுதானே? யார் கேட்கப் போகிறார்கள்?

கேட்டார்கள். கடுமையாகவே கேட்டார்கள்.

தாங் வம்சத்தின் தண்டனைச் சட்டம் இன்றும் கிடைக்கிறது. அதில் விஷத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஒருவனுக்கு விஷம் கொடுத்தால், கொடுத்தவனுக்கு மரண தண்டனை. விற்றவனுக்கும் மரண தண்டனை. கழுத்தை நெரித்துக் கொன்றுவிடுவார்கள். விஷத்தை வாங்கினான், ஆனால் இன்னும் பயன்படுத்தவில்லை என்றால்? அப்போதும் தப்ப முடியாது. வாங்கியவனையும் விற்றவனையும் சுமார் ஆயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால் நாடு கடத்துவார்கள்.

எவையெவை விஷம் என்பதையும் சட்டத்தின் உரை சொல்கிறது. ஒன்று, 'சென்' என்ற பறவையின் விஷம். அதன் இறகை மதுவில் தோய்த்தால் போதும், குடித்தவன் பிழைக்க மாட்டான் என்பது அந்தக் கால நம்பிக்கை. இன்னொன்று காட்டுக்கொடி ஒன்றின் விஷம். பிறகு நம் வச்சநாவியின் இனத்தைச் சேர்ந்த கிழங்கு.

இதில்தான் சிக்கல். அந்தக் கிழங்கைப் பக்குவமாக வேகவைத்தால் மருந்து. பச்சையாகக் கொடுத்தால் எமன். கடையில் விற்காமல் இருக்கவும் முடியாது.

ஆகவே சட்டம் செய்தவர்கள் ஒரு விதிவிலக்கு வைத்தார்கள். நோயைத் தீர்க்கும் சரக்கைக் கடைக்காரர் விற்கிறார். வாங்கியவன் அதைக் கொண்டுபோய் ஒருவனைக் கொல்கிறான். கடைக்காரருக்கு அந்த எண்ணம் தெரியாது என்றால், அவர் மேல் குற்றம் இல்லை.

நியாயமான விதிதான். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் சீனாவில் மருந்துக் கடையே இருந்திருக்காது.

கதைகளில் வரும் விஷ வியாபாரி இருட்டிய பிறகு, பின்கட்டில், ரகசியமாக விற்பான். ஆனால் தாங் காலத்தின் மிகப் பெரிய விஷ வியாபாரத்துக்கு ரகசியமே தேவைப்படவில்லை. பட்டப்பகலில் நடந்தது. அரண்மனையில் நடந்தது. விற்றவனுக்குப் பட்டமும் பதவியும் கிடைத்தன!

சாகாத மருந்து

அதன் பெயர் விஷம் அல்ல. சாகாத மருந்து. நம் ஊர்ச் சொல்லில் காயகல்பம்.

சாதிலிங்கம் சிவப்பாக இருக்கும். அதை நெருப்பில் வாட்டினால் வெள்ளி போல் பளபளவென்று பாதரசம் வெளியே வரும். அந்தப் பாதரசத்தைக் கந்தகத்தோடு சேர்த்து மறுபடி சூடாக்கினால், சிவப்புச் சாதிலிங்கம் திரும்பி வந்துவிடும்.

பார்த்தவர்கள் பிரமித்துப் போனார்கள். எரித்தாலும் அழியாமல் திரும்பி வருகிற பொருள்! இதை உண்டால் மனிதனும் அழியமாட்டான் அல்லவா?

நினைப்பு புத்திசாலித்தனமானதுதான். ஆனால் உடம்பு உலை அல்லவே. பாதரசம் நரம்பைத் தாக்கும். கை நடுங்கும். காரணம் இல்லாமல் கோபம் வரும். மனோசிலையில் இருப்பது பாஷாணம். தாகம் எடுக்கும். உடம்பு தகிக்கும். புண் வரும். ஆரம்பத்தில் சூடு ஏறுவதைப் புதுத் தெம்பு என்று நம்பிவிடுவார்கள். அதனால் இன்னும் கொஞ்சம் சாப்பிடுவார்கள்.

அந்தக் காலத்துப் பெரும் எழுத்தாளர் ஹான் யூ. 823-ல் இறந்த ஓர் அதிகாரிக்காக அவர் கல்லறை வாசகம் எழுதினார். அதில், தாம் நேரில் பழகிய ஆறேழு பெரிய மனிதர்கள் இந்த மருந்தால் மாண்டதைப் பெயர் சொல்லி எழுதிவைத்தார். ஒருவருக்குக் காய்ச்சிய இரும்புக் கம்பியை உச்சந்தலையில் செருகியது போல வேதனையாம். வருஷக்கணக்கில் ரத்தம் கக்கினாராம்.

படித்தவர்கள்தான். விஷயம் தெரிந்தவர்கள்தான். ஆனாலும் சாப்பிட்டார்கள்.

தந்தை போனார், மகனும் போனார்

அரண்மனைக்குள் வருவோம். ஒரே குடும்பத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

மன்னர் சியென்சுங் திறமைசாலி. கலகக்காரப் பிரபுக்களை அடக்கி நாட்டை நிமிர்த்தியவர். எல்லாம் கிடைத்த பிறகு ஆயுள் வேண்டும் என்ற ஆசை வந்தது.

லியூ மி என்ற ரசவாதி வந்தான். "ஒரு மலையில் அபூர்வ மூலிகை இருக்கிறது. அந்த வட்டாரத்துக்கு என்னை அதிகாரியாகப் போட்டால் பறித்துத் தருவேன்" என்றான். மன்னர் 818-ல் அவனை அதிகாரி ஆக்கினார். "ரசவாதிக்கு மக்களை ஆளும் பதவி கொடுத்த வழக்கம் இல்லை" என்று அமைச்சர்கள் தடுத்தார்கள். "மன்னன் நீண்ட நாள் வாழ ஒரு வட்டாரம் பாடுபட்டால் என்ன?" என்ற பொருளில் மன்னர் பதில் சொன்னார்.

லியூ மி அங்கே போய் மக்களை மலைக்குத் துரத்தித் துரத்தி மூலிகை தேடச் சொன்னான். ஒரு வருஷம் போயிற்று. ஒன்றும் கிடைக்கவில்லை. பயந்து, குடும்பத்தோடு ஓடி ஒளிந்தான். பிடித்து வந்தார்கள்.

அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை! பெரிய இடத்து ஆட்கள் சிபாரிசு செய்தார்கள். மன்னர் மன்னித்தார். அவன் கொடுத்த மருந்தையும் சாப்பிட்டார்.

தாகம் வாட்டியது. கோபம் பொங்கியது. பெய் லின் என்ற அதிகாரி துணிந்து ஒரு மனு எழுதினார். "மருந்து செய்தவனே முதலில் ஒரு வருஷம் அதைச் சாப்பிடட்டும். அப்போது உண்மை தெரியும்" என்றார். இதைவிட நல்ல யோசனை உண்டா? அவருக்குக் கிடைத்த பரிசு, பதவி இறக்கம், வெளியூர் மாற்றல்.

மன்னருடைய கோபத்துக்குப் பக்கத்தில் இருந்த ஊழியர்கள் பலியானார்கள். இன்றைக்கு யாருக்குத் தண்டனையோ என்று எல்லாரும் நடுங்கினார்கள். 820-ல் ஒரு நாள் மன்னர் திடீரென்று இறந்தார். அந்தப்புர ஊழியர்களே கொன்றுவிட்டார்கள் என்று பேச்சு எழுந்தது. வயது 41.

மகன் முசுங் பட்டத்துக்கு வந்தார். முதல் வேலையாக லியூ மியை அடித்தே கொல்ல உத்தரவிட்டார். சரியான காரியம் என்று நினைக்கிறீர்களா?

கொஞ்ச நாளில் முசுங்கும் அதே மாதிரி மருந்தைச் சாப்பிட ஆரம்பித்தார். 824-ல் இறந்தார். வயது 30 கூட ஆகவில்லை.

பேரன் சிங்சுங் வந்தார். பதினான்கு வயதுப் பையன். விளையாட்டிலும் வேட்டையிலும் பொழுதைப் போக்கினான். அந்த 824-ஆம் ஆண்டிலேதான் லீ சூசா என்ற பாரசீகப் பெரு வியாபாரி அரண்மனைக்கு ஒரு காணிக்கை கொண்டுவந்தார். என்ன காணிக்கை? ஒரு மண்டபம் கட்டுவதற்கு வேண்டிய அகில் கட்டைகள்! அகில் துண்டைத் தராசில் நிறுத்து விற்பார்கள். இவர் மண்டபத்துக்கே கொடுத்தார். "கெட்டுப்போன பழைய மன்னர்கள் கட்டிய இரத்தின மாளிகைக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை" என்று ஓர் அதிகாரி கண்டித்தார். மன்னன் அவரைத் தண்டிக்கவில்லை. ஆனால் மரத்தை ஏற்றுக்கொண்டான்.

827 ஜனவரியில் அந்தப்புர ஊழியர்கள் அந்தப் பையனைக் கொன்றார்கள்.

பிறகு தம்பி ஒருவர் ஆண்டார். அவருக்குப் பின் இன்னொரு தம்பி வூசுங். அவரும் காயகல்பம் சாப்பிட்டார். உடம்பு வற்றியது. மேனி வாடியது. "கவலைப்படாதீர்கள். பழைய எலும்பு போய்ப் புது எலும்பு வருகிறது" என்றார்கள் ரசவாதிகள்! கடைசியில் வாய் பேச முடியவில்லை. 846-ல், முப்பத்தொரு வயதில் இறந்தார்.

அடுத்து வந்தவர் சித்தப்பா சுவான்சுங். அண்ணன், அண்ணன் பிள்ளைகள் கதையெல்லாம் கண்ணால் கண்டவர். வந்ததும் வூசுங்கின் ரசவாதிகளை அடித்துக் கொல்லச் செய்தார். பதின்மூன்று ஆண்டு நல்லபடியாக ஆண்டார். பிறகு?

அவரும் சாப்பிட்டார்! முதுகில் பெரிய புண் வந்தது. 859-ல் மாண்டார். அவர் மகன் பட்டத்துக்கு வந்து, தந்தைக்கு மருந்து கொடுத்தவர்களைக் கொன்றார்.

சந்தையில் விஷம் விற்றவனைக் கொல்ல எழுதிய சட்டம் அரண்மனை வாசலில் நின்றுவிட்டது. பாட்டன் மருந்தைத் தொட்டான், செத்தான். பிள்ளை வைத்தியனைக் கொன்றான். மருந்தை மட்டும் யாரும் கொட்டவில்லை.

ஏழைப் பாரசீகர்

இப்போது நம் லீ சியனிடம் திரும்பி வருவோம்.

தாங் வம்சம் தள்ளாடத் தொடங்கியது. ஹுவாங் சாவோ என்ற கலகத் தலைவன் 879-ல் காண்டனைச் சூறையாடினான். வெளிநாட்டு வியாபாரிகள் பெருங்கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். அடுத்துத் தலைநகரும் விழுந்தது. மன்னர் மேற்கே மலை நாட்டுக்கு ஓடினார். 881-ல் செங்து போய்ச் சேர்ந்தார். அவரோடு போனவர்களில் லீ சியனின் குடும்பத்தாரும் உண்டு. அப்படித்தான் இந்தப் பாரசீகக் குடும்பம் செங்து நகரத்துக் குடும்பம் ஆயிற்று.

அண்ணன் லீ சுன் பெரிய கவிஞர். இன்றும் சீனர்கள் அவர் பாட்டைப் படிக்கிறார்கள். ஆனால் அவர் காலத்தில் ஒரு நண்பரே அவரைக் கேலி செய்து பாட்டுக் கட்டினார். பரீட்சையில் தேறி வாசனைக் கிளையைப் பறித்தாலும் அந்நிய நாற்றம் போகாது என்பது கேலியின் சாரம். எந்தக் குடும்பத்தைப் பார்த்து? ஊருக்கே வாசனை விற்ற குடும்பத்தைப் பார்த்து! அந்தப் பாட்டால் அவர் பெயர் கெட்டுப் போயிற்றாம். விளையாட்டாகத்தான் சொன்னேன் என்று நண்பர் சொல்லியிருக்கலாம். கேட்டவர்கள் மறக்கவில்லை.

தங்கை லீ ஷுன்சியன் அழகாகப் பாட்டு எழுதுவார். செங்துவை ஆண்ட மன்னருக்கு அரண்மனைத் தேவியானார். அந்த அரசும் 925-ல் வீழ்ந்தது.

கடல் கடந்து வரும் மருந்துகளைப் பற்றி அண்ணன் பெயரில் ஒரு நூல் உண்டு. தூபப் பிசின் முதல் எத்தனையோ சரக்குகளின் குணத்தை அது சொல்கிறது. மூல நூல் தொலைந்து போயிற்று. ஆனால் பின்னால் வந்த மருந்து நூல்களில் அதிலிருந்து எடுத்த பகுதிகள் நூற்றுக்கு மேற்பட்ட சரக்குகளுக்கு இருக்கின்றன.

தம்பியோ உலையை விடவில்லை. மன்னர்கள் மாண்ட கதை செங்துவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? சரக்கின் குணம் வியாபாரிக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? எனக்குத் தோன்றுவது இதுதான். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. மன்னனிடம் போய்ப் பதவி கேட்கவில்லை. தம் காசில், தம் நம்பிக்கையில் காய்ச்சினார். லியூ மியோடு அவரைச் சேர்க்க மனம் வரவில்லை.

சில தலைமுறைக்குப் பிறகு செங்து நகரத்துச் சங்கதிகளைத் தொகுத்த ஒருவர் லீ சியனைப் பற்றியும் எழுதிவைத்தார். முதுமையில் கரிக்கும் உலைக்கும் சரக்குக்கும் செலவழித்தே சொத்து முழுவதும் கரைந்து போயிற்று என்கிறார்.

வீட்டில் மிஞ்சியவை, தவ வித்தை சொல்லும் சில புத்தகங்கள். ஒரு மருந்துப் பை.